கிள்ளான் நத்தைக்கு ஏது வசந்த காலம்?

மலாயாவில் கால் வைத்ததும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "இது சாராயமா?" என்பதுதான்.

சுங்க மேசையின்மேல் என் மரப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே மூன்று தெர்மாமீட்டர்கள், ஒரு டஜன் கண்ணாடி ஜாடிகள், கல்லூரியில் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கி வந்த மைக்ராஸ்கோப், ஒரு சீசா ஸ்பிரிட். ஸ்பிரிட் குடிப்பதற்கல்ல, நத்தைக் கருக்களைக் கெடாமல் ஊறப்போட்டு வைப்பதற்கு என்று விளக்கினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பக்கத்திலிருந்தவரிடம் ஆங்கிலத்தில், "இந்த அம்மாள் நத்தைக்கு ஊற்றிக் கொடுக்கப் போகிறாளாம்" என்றார். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிறகு சீசாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுக் கடலில் கவிழ்த்தார்கள். பெட்டியை அடித்து மூடிய வேகத்தில் ஒரு தெர்மாமீட்டர் உடைந்து, பாதரசம் மேசைமேல் உருண்டு ஓடியது. அதற்கும் ஒரு சிரிப்பு.

அங்கேயே இன்னொன்றையும் பார்த்தேன். எங்கள் கப்பலின் திறந்த தளத்தில் வந்த தோட்டத் தொழிலாளர்களைத் தலை எண்ணி, தொற்றுநோய்க் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். இரண்டாம் வகுப்புச் சீட்டு வைத்திருந்ததால் எனக்கு நோய் எதுவும் இருக்காது என்று முடிவு செய்துவிட்டார்கள். கிருமிகளுக்குச் சீட்டின் வகுப்பு தெரியும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

நத்தை முட்டைக்காகக் கடல் தாண்டி வந்தவள் யார் என்று கேட்பீர்கள். என் பெயர் கோமதி. சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் மாணவிகளுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். துறைமுகத்துக் கருங்கற்களில் கட்டைவிரல் பருமனில் ஒரு கடல் நத்தை ஒட்டிக்கொண்டிருக்கும். அது கல்லின்மேல் நெல்மணிகளை நெருக்கி நட்டுவைத்ததுபோல் முட்டைப் பைகளை ஒட்டி வைக்கும். ஒவ்வொரு பைக்குள்ளும் நூற்றுக்கணக்கில் கருக்கள். இட்ட அன்று பை பால் நிறமாக இருக்கும். நாளாக ஆகக் கருத்து, கடைசியில் குஞ்சுகள் வெளியே நீந்திப் போய்விடும். இரண்டு வருஷமாக இதைக் கணக்கெடுத்தேன். சித்திரையில் கடல் சூடாக இருக்கும்போது இரண்டு வாரத்தில் பொரிகிற பை, தை மாதத்துக் குளிர்ந்த தண்ணீரில் மூன்று வாரத்தையும் தாண்டிவிடுகிறது. அப்படியானால் குளிர்காலமே இல்லாத கடலில் என்ன நடக்கும்? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

அண்ணன் ராமலிங்கம் கோலாலம்பூர் ரயில்வேயில் படம் வரைகிற வேலையில் இருக்கிறான். கோடை விடுமுறைக்கு வா என்று அவன் மூன்று கடிதம் எழுதியிருந்தான். அவன் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவைத்திருந்தான். நான் நத்தை பார்க்கக் கிளம்பினேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அண்ணனுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ். இரண்டு அறை, ஒரு வராந்தா, பின்னால் சிமெண்டுத் தொட்டியோடு குளிக்கும் அறை. அண்ணி தோசையோடு சிவப்பாக ஒரு சம்பல் வைத்தாள். மிளகாயும் சுட்ட நெத்திலிப் பொடியும் சேர்த்து அரைத்தது. நம் ஊரில் அதைத் தொட்டுக்கொண்டு தோசை தின்றால் சாதியை விட்டுத் தள்ளிவைப்பார்கள். இங்கே சைவக் குடும்பத்துப் பெண்ணான அண்ணி, "இந்த ஊரு மழைக்கு இது இல்லாம தோசை எறங்காது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். கோப்பியில் பாலுக்குப் பதில் டின்னிலிருந்து ஊற்றிய கெட்டிப் பால். ஒரு வாய் குடித்ததுமே தித்திப்பு பல்லில் ஒட்டியது.

நாலு மணிக்கு மழை கொட்டியது. ஐந்தரைக்கு நின்றது. மறுநாளும் அதே நாலு மணி. "வருஷம் பூரா இப்படியா?" என்றேன். "வருஷம்னு தனியா ஒண்ணு இங்க கிடையாது, எல்லாம் ஒரே நாள்தான்" என்றான் அண்ணன். விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அது அறிவியல் செய்தியாகப் பட்டது.

மூன்றாம் நாள் காலை ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். அங்கிருந்து ஆற்று முகத்துவாரத்துக்கு ஒரு பஸ். பஸ் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். லோரியின் முதுகில் பெஞ்சுகளை ஆணியடித்து வைத்தது. பாதி வழியில் அதன் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. ஓட்டுநர் இறங்கிப் போய் ஒரு ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டார். எப்போது கிளம்பும் என்று கேட்டால், "சூடு ஆறினா" என்றார்.

எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள், மடியில் காலிக் கூடையோடு இருந்தாள். நாற்பது வயதிருக்கும். முழங்கால்வரை சேற்றின் வெள்ளைப் படிவு. பெயர் அஞ்சலை. புருஷன் துறையில் மூட்டை தூக்கி இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறார். அவளும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றில் இறங்கி நத்தை பொறுக்கிக் கிள்ளான் பாசாரில் விற்றுப் பிழைக்கிறார்கள். நத்தையை அவள் மலாய்ப் பெயரால் சிப்புட் என்றே சொன்னாள்.

"அதோட முட்டையைப் பாத்திருக்கியா அக்கா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கு? திங்கவா?"

"இல்லை. பாக்கறதுக்கு."

"பாக்கறதுக்கா கப்பல் ஏறி வந்தே?" என்று சிரித்தாள். அவள் சிரிப்பில் இளக்காரம் இல்லை. "கம்பு கம்பா ஒட்டியிருக்கும் லா. தீவாளிக்கும் இருக்கும், தைப்பூசத்துக்கும் இருக்கும். அது எப்ப இல்லாம போச்சு?"

இரண்டு வருஷம் நான் தேடிய விடையின் பாதியை, ஆவி விட்டுக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸில், தெர்மாமீட்டரையே பார்த்திராத ஒருத்தி ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

கரையில் இறங்கியதும், விற்க ஒன்றும் இல்லாமல் அவள் ஏன் காலிக் கூடையோடு அலைகிறாள் என்பது புரிந்தது. கட்டைப் பாலத்தின் முகப்பில் ஒரு பலகை. ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதியிருந்தது. ஏப்ரல் முதல் ஜூன் முடிய நத்தைகளின் இனப்பெருக்கக் காலம். இந்த மாதங்களில் எவரும் நத்தை எடுக்கக் கூடாது. எடுத்தால் கூடையோடு பறிமுதல். கரையை மேற்பார்க்கப் புதிதாக வந்த துரையின் உத்தரவு. நத்தை பொறுக்குகிறவர்களில் பாதிப் பேர் தமிழச்சிகள். தமிழில் ஒரு வரி இல்லை. நான்தான் அஞ்சலைக்குப் படித்துச் சொன்னேன். அதுவரை அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று கூடை பறிபோனது மட்டும்தான்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை! எனக்கு உச்சந்தலை காந்தியது. இந்த மாதங்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும். துரையின் ஊரில் கடல் மாசியில் உறைபனி போலக் குளிர்ந்து கிடக்கும். வசந்தம் வந்து தண்ணீர் வெதுவெதுப்பானதும் நத்தைகள் முட்டையிடும். அது அந்த ஊருக்கு உண்மை. அந்த ஊர்ப் புத்தகத்தைக் கப்பலில் கொண்டு வந்து, பக்கத்தைப் பிரித்து, கிள்ளான் சேற்றில் அப்படியே ஆணியடித்துவிட்டார்.

அலுவலக வாசலில் அவர் ஒரு நர்சரியும் வைத்திருந்தார். முழங்கால் ஆழச் சிமெண்டுத் தொட்டி, கூரையில்லை, முழு வெயில். பெண்களிடம் பறித்த நத்தைகளையும் முட்டை ஒட்டிய கம்புகளையும் அதில் போட்டுக் கடல்நீர் ஊற்றிப் 'பாதுகாத்து' வந்தார். காவல்காரர் பாக் சமான் என்ற மலாய்க்கார முதியவர். தம் நீலத் தொப்பியால் விசிறிக்கொண்டு, "துவான் குஞ்சுகளுக்கு வெயில் நல்லது என்கிறார், நமக்கு மட்டும்தான் நிழல் தேவைப்படுகிறது" என்றார் மலாயில். துவான் என்றால் துரை என்று சேர்த்து, அஞ்சலை எனக்கு மொழிபெயர்த்தாள்.

பகல் ஒரு மணிக்கு என் தெர்மாமீட்டரைத் தொட்டிக்குள் விட்டேன். பிறகு விரலை விட்டுப் பார்த்தேன். பாத்திரம் கழுவப் போதுமான சூடு.

அடுத்த நாளிலிருந்து தினமும் போனேன். அஞ்சலை சேற்றில் நடக்கக் கற்றுக்கொடுத்தாள்: குதிகாலை முதலில் ஊன்றக் கூடாது, பாதத்தைப் பரப்பி வைத்து, புதைவதற்குள் அடுத்த அடி. இரண்டு முறை இடுப்புவரை போனேன். இரண்டாம் முறை என் செருப்பு நிரந்தரமாக அங்கேயே தங்கிவிட்டது. மீனவர்கள் நட்ட பழைய மரக்கம்புகளில் பைகள் ஒட்டியிருந்தன. ஒரே கம்பில் பால் நிறத்தில் புதிது, சாம்பல் நிறத்தில் பாதி வளர்ந்தது, கருத்தது, பொரிந்து காலியானது எல்லாமே இருந்தன. சென்னையில் பருவத்துக்குப் பருவம் கூடிக் குறைகிற முட்டைகளை இங்கே எல்லா வயதிலும் ஒரே கம்பில் பார்த்தேன்.

இன்னொன்றையும் அஞ்சலைதான் காட்டினாள். "வெயில் படற பக்கம் பாரு, ஒண்ணும் இல்ல. அது அந்தப் பக்கமாத்தான் ஒட்டும்." உண்மைதான். கம்பின் நிழல் பக்கத்திலும், அலை கடைசியாக விட்டுப் போகிற அடிப்பகுதியிலும்தான் பைகள். அலை ஏறியிருக்கும்போது காலை, மாலை, எந்த நாள் அளந்தாலும் பாதரசம் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது. அலை வற்றிய உச்சி வெயிலில் மட்டும் சேற்றுக் குட்டைகளில் அது தாவி ஏறியது. இங்கே கோடை என்பது வருஷத்தில் வருவதில்லை, நாளில் வருகிறது. நத்தைக்கு அது தெரிந்திருக்கிறது. துரைக்குத் தெரியவில்லை.

முட்டைகளைப் பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டு வந்தேன். தண்ணீர் மாற்றக் கடல்நீர் வேண்டும். மண்ணெண்ணெய் டின்னில் பிடித்து ரயிலில் ஏற்றினேன். கார்டு ஒரு தமிழர். டின்னுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கோலாலம்பூர்ல தண்ணி வராதா?" என்றார். கடல் தண்ணீர் என்றேன். "உப்பும் அங்கயே கிடைக்குமே" என்றார். டின்னைக் கடைசிப் பெட்டியில் கோழிக் கூண்டுகளோடு வைக்கச் சொல்லிவிட்டார். வீடு வந்து சேர்ந்தபோது மேலே இறகு மிதந்தது.

வீட்டில் மூன்று ஜாடி வைத்தேன். ஒன்று குளிக்கும் அறையின் குளிர்ந்த சிமெண்டுத் தரையில். அதன் சூடு ஏறக்குறைய கிள்ளான் கடலின் சூடுதான். இரண்டாவது, வெயில் படும் ஜன்னல் விளிம்பில். அது துரையின் தொட்டி. மூன்றாவதைப் பெரிய வாளிக்குள் இறக்கி, காலையும் மாலையும் சுற்றிலும் ஐஸ் துண்டுகளைப் போட்டேன். அது என் சென்னைத் தை மாதம். ஐஸை மரத்தூளில் புதைத்துச் சாக்கில் சுற்றி ரிக்‌ஷாவில் கொண்டு வர வேண்டும், வழியெல்லாம் சொட்டும்.

அண்ணி முதல் நாளே சொல்லிவிட்டாள்: "குளிக்கற எடத்துல நத்தை முட்டையா? இந்தக் கருமத்தை நான் தொட மாட்டேன், நீயே பாத்துக்க." அண்ணனுக்கு வேறு கவலை. மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் கை கழுவப் பின்பக்கம் போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து செய்தியே இல்லை. என் ஆராய்ச்சியால் உடனே விளைந்த ஒரே நன்மை என்று இதைச் சொல்லலாம்.

ஜன்னல் ஜாடியில் முதல் இரண்டு நாள் கருக்கள் தலைதெறிக்க வளர்ந்தன. குளிக்கும் அறை ஜாடியை முந்திக்கொண்டு ஓடின. அதைப் பார்த்தால் வெயில் நல்லதுதானே என்று தோன்றும். மூன்றாம் நாள் மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது ஓடு கோணிக்கொண்டு நின்றது. நீந்த உதவும் மெல்லிய மடல் ஒரு பக்கம் மட்டும் முளைத்திருந்தது. ஐந்தாம் நாள் ஒன்றும் அசையவில்லை. பைகள் இளஞ்சிவப்பாகி நாற்றமெடுத்தன.

அன்று அண்ணி பின்னால் வந்து நின்றாள். "செத்துப் போச்சா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி, தரை ஜாடியின் கரு ஒன்றை எடுத்துக் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். பிறகு இன்னும் குனிந்து கண்ணைப் பதித்தாள். கண்ணாடி போன்ற ஓட்டுக்குள், குண்டூசித் தலையைவிடச் சிறிய உடம்பில், ஒன்று விட்டு விட்டுச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது.

"இது என்ன, இதயமா?"

"ஆமா அண்ணி."

"இம்புட்டுக்கா?" என்று தலையை எடுக்காமலே கேட்டாள். அடுப்பில் உலை பொங்கி வழிந்தது. அவள் போகவில்லை.

அதே வாரம் துரையின் தொட்டியும் செத்தது. கரையில் இறங்கும்போதே நாற்றம் பிடுங்கியது. நத்தைகள் வாய் பிளந்து கிடந்தன. கம்புகளில் இளஞ்சிவப்புப் பைகள், என் ஜன்னல் ஜாடியில் பார்த்த அதே நிறம். இதற்கு அலுவலகம் கண்டுபிடித்த காரணத்தைக் கேளுங்கள்: பெண்கள் அழுக்குக் கையால் தொட்டதால் நோய் பரவிவிட்டதாம். ஆகவே நத்தை பொறுக்குவதை வருஷம் முழுவதும் தடை செய்ய வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதப் போகிறார்களாம்.

இதைச் சொன்னவர் அங்கே கிராணியாகக் கணக்கும் கடிதமும் எழுதிய கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "பிள்ளை, அந்தக் கடிதத்தை என்ர கையாலதான் எழுதப் போறன். எனக்கும் சரியாப் படேல்ல. நான் என்ன செய்யிறது? துரை சொல்லிப்போட்டார்."

"நான் துரையைப் பார்க்க வேண்டும்" என்றேன்.

அவர் உள்ளே போய்த் திரும்பி வந்தார். முகம் கறுத்திருந்தது. "ஆற்ற மனுசி எண்டு கேக்கிறார்."

யாருடைய மனைவியும் இல்லை, யாருடைய கடிதமும் கொண்டு வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். ஒன்றரை மணி நேரம் காக்கவைத்தார். உள்ளே போனபோது உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன். இளைஞர்தான், வெயிலில் வெந்த முகம், கெட்டவர் என்று சொல்ல முடியாத முகம். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மேசையில் கடல் பிராணிகள் பற்றிய தடித்த புத்தகம். மைக்ராஸ்கோப்பைப் பக்கத்தில் வைத்து, செத்த கருவையும் உயிரோடிருந்த கருவையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். நாள்வாரியாக எழுதிய சூட்டுக் கணக்கை விரித்து வைத்தேன். எல்லா வயதுப் பைகளும் ஒட்டியிருந்த, ஒடிந்து கிடந்த கம்புத் துண்டு ஒன்றையும் கொண்டு வந்திருந்தேன். அவர் கம்பளத்தில் சேறு சொட்டியது.

அவர் வெகுநேரம் பார்த்தார். "அழகாக இருக்கிறது" என்றார்.

"நீங்கள் காப்பாற்றியவைதான் செத்திருக்கின்றன. பெண்கள் தொட்டதால் இல்லை, உங்கள் தொட்டியின் சூட்டால். இந்தக் கடலில் எல்லா மாதமும் முட்டை இருக்கிறது. மூன்று மாதம் தடுப்பதில் அர்த்தமில்லை, வருஷம் முழுவதும் தடுப்பதில் நியாயமே இல்லை. நத்தை குறைகிறது என்று பயந்தால், முட்டை ஒட்டிய கம்புகளைப் பிடுங்காதீர்கள் என்று சொல்லுங்கள். அவர்களே அதைச் செய்வதில்லை."

அவர் புத்தகத்தின் முனையை விரலால் தட்டினார். "மிஸ், உங்கள் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். இந்தப் பருவம் முடியட்டும். பிறகு யோசிப்போம்."

"எந்தப் பருவம்?" என்றேன்.

அவருக்குக் கேள்வி புரியவில்லை. மணியை அடித்துக் கந்தையாவைக் கூப்பிட்டார்.

வெளியே அஞ்சலையும் மற்றப் பெண்களும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அஞ்சலை எழுந்து கூடையைத் தட்டி எடுத்துக்கொண்டாள். "சொல்லிப் பாத்தாச்சில்ல? நாளைக்குத் தண்ணி எப்ப வத்துது?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பதினோரு பெண்கள் கூடையோடு சேற்றில் இறங்கினோம். ஆம், இறங்கினோம். புடவையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு நானும் ஒரு கூடை எடுத்தேன். முட்டை இருந்த கம்பை யாரும் தொடவில்லை. கல்லிலும் சேற்றிலும் கிடந்ததை மட்டும் பொறுக்கினோம். பாக் சமான் கரையிலேயே நின்று கத்தினார். அவர் சேற்றுக்குள் வரவில்லை. வர முயன்றதாகவும் தெரியவில்லை. நாங்கள் கூடையை நிரப்பிக்கொண்டு கரையேறியபோது, மிகுந்த வருத்தத்தோடு எங்களை வரிசையாக அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்.

கந்தையா பெரிய பதிவேட்டைத் திறந்தார். ஒவ்வொருத்தியாகப் பெயர், வயது, தொழில். என் முறை வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"பிள்ளை, உங்கட பேரை நான் எழுதேல்ல. நீங்கள் போங்கோ."

"எழுதுங்கள். கோமதி. வயது இருபத்தேழு."

"தொழில்?"

"அவர்களுக்கு என்ன எழுதினீர்கள்?"

"சிப்புட் பொறுக்கிறது."

"அதையே எழுதுங்கள்."

சத்தம் கேட்டுத் துரை வெளியே வந்தார். என் கால் சேற்றைப் பார்த்தார். முகம் இன்னும் சிவந்தது. நான் படித்த பெண் என்றும், ரயில்வே உத்தியோகஸ்தரின் தங்கை என்றும், இதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை என்றும், நான் உடனே போகலாம் என்றும் சொன்னார். மற்றப் பத்துக் கூடையும் இங்கே இருக்கும்.

"அப்படியானால் நானும் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு வீரம் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து சேற்றில் குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது, அதனால் உட்கார்ந்தேன். அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் எல்லாரும். கூடைகளிலிருந்து சேற்றுநீர் வழிந்து மேசைக்கடியில் போனது. துறைமுகத்திலிருந்து அவரைப் பார்க்க வந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் வாசலில் நின்று எங்களைத் தாண்டி வர வழி தெரியாமல் விழித்தார்கள். கால் மணி நேரம் தாங்கினார். "இந்த ஒரு தடவை மட்டும்" என்று சொல்லிக் கூடைகளைக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் அஞ்சலையின் குடிசையில் சாப்பிட்டேன். நத்தையை மஞ்சள் போட்டு அவித்து, தேங்காய்ப் பாலில் காரமாக ஒரு கொதி. ஊசியால் குத்தி உருட்டி எடுக்க வேண்டும். படுத்திருந்த அவள் புருஷன், "மொத மொதலா திங்கிறியா தாயி?" என்று கேட்டு, எப்படி எடுப்பது என்று படுக்கையிலிருந்தே கை காட்டினார். இரண்டு வருஷம் கணக்கெடுத்த பிராணியை அன்றுதான் ருசி பார்த்தேன். இறுக்கமாக, கொஞ்சம் இனிப்பாக இருந்தது.

அலுவலகத் தரையில் உட்கார்ந்ததற்கான விலை மூன்றாம் நாள் தெரிந்தது. துரை என் அண்ணனின் மேலதிகாரியோடு கிளப்பில் பேசியிருக்கிறார். அண்ணன் ஆபீசிலிருந்து பாதியில் வந்தான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"உன் தங்கச்சியைக் கப்பல் ஏத்திட்டு வேலைக்கு வான்னு சொல்லிட்டாங்க. நத்தைக்காக என் சோத்துல மண்ணைப் போட்டுட்டியே கோமதி!"

கோபமாகப் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவன் விரல்களில் வரைபட மசி இன்னும் காயாமல் இருந்ததைப் பார்த்தேன். பத்து வருஷம் அந்த மேசையில் குனிந்து கோடு போட்டவன். என் நியாயத்துக்கு அவன் வேலையைப் பணயம் வைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? போகிறேன் என்றேன். விடுமுறையில் இன்னும் மூன்று வாரம் மீதி இருந்தது.

அதற்குள் குளிக்கும் அறை ஜாடி பொரிந்திருந்தது. சென்னையின் சித்திரையைப் போலவே இரண்டு வாரம். ஆனால் ஐஸ் ஜாடியில் பைகள் இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருந்தன. கப்பலில் ஐஸ் கிடையாது, கொண்டுபோக வழியில்லை. பாதியில் நின்ற கணக்கு கணக்கே அல்ல. கிளம்பும் காலையில் ஜாடியைக் கொட்டிவிடச் சொன்னேன். அண்ணி என் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சென்னைக்கு வந்து மூன்று மாதம் கழித்து அண்ணியின் கடிதம் வந்தது. அவள் அதுவரை எனக்குக் கடிதம் எழுதியதே இல்லை. பென்சிலால், பெரிய எழுத்தில்: "நீ போன பத்தாம் நாள் ஐஸ் ஜாடி பொரிந்தது. தினமும் காலையிலும் சாயங்காலமும் ஐஸ் போட்டேன். ரயில் கார்டு மூலம் சொல்லி அனுப்பினேன், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அஞ்சலை. உப்புத்தண்ணீர் டின்னோடு வாரம் இரண்டு முறை ரயிலில் வந்தாள். நிறம் மாறின தேதி எல்லாம் காலண்டரில் குறித்திருக்கிறேன், கிழித்து இதில் வைத்திருக்கிறேன். உன் அண்ணா வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐஸ் விஷயம் அவருக்குச் சொல்லவில்லை."

கூட்டிப் பார்த்தேன். மூன்று வாரமும் சில நாட்களும். என் தை மாதக் கணக்கோடு பொருந்தியது. அந்தக் கடலின் கருவும் நம் கடலின் கருவும் குளிருக்கும் சூட்டுக்கும் ஒரே மாதிரிதான் பணிகின்றன. வித்தியாசம் கடலில்தான், நத்தையில் இல்லை.

கடிதத்தின் கடைசியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. பலகையை எடுத்துவிட்டார்களாம். தொட்டியில் மண் கொட்டிக் குரோட்டன்ஸ் வைத்திருக்கிறார்களாம். அஞ்சலையும் மற்றவர்களும் பழையபடி இறங்குகிறார்களாம்.

என் கணக்கைப் படித்துத் திருந்திவிட்டார் என்று ஒரு நிமிஷம் பூரித்துப் போனேன். காகிதத்தைத் திருப்பினால் காரணம் எழுதியிருந்தது. துரை ஆறு மாத லீவில் ஊருக்குப் போய்விட்டார். பதிலுக்கு வந்தவருக்கு நத்தைகளில் ஈடுபாடு இல்லை. அவருக்குப் பறவைகள்தான் பிடிக்குமாம்.

அஞ்சலைக்கு இது போதும். லீவு முடிந்தால் அந்தப் புத்தகம் திரும்பி வரும், எனக்குப் போதவில்லை.